அண்ணன் கண்டுபிடித்த ராகு காலம்

“ராகு காலம் இருக்குய்யா. யார் இல்லைன்னு சொன்னது?” என்று தையல் இயந்திரத்தின் பலகையில் ஓங்கித் தட்டினார் ஒருவர்.

“அந்த நேரத்துக்குச் சிங்கப்பூர்ல ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. சும்மா பூச்சி காட்டாதே,” என்றார் இன்னொருவர்.

தட்டியவர் என் அண்ணன். கடவுள் இல்லை, பேய் இல்லை, நல்ல நேரம் இல்லை, கெட்ட நேரம் இல்லை என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசியவர். மறுத்தவர் நமசிவாயம். நெற்றி நிறையத் திருநீறு பூசி, கடையில் பஞ்சாங்கம் விற்றுக்கொண்டிருந்தவர்.

மறுபடியும் படித்துப் பாருங்கள் பிள்ளைகளே, நான் ஆளை மாற்றி எழுதிவிடவில்லை. இருக்கிறது என்றவர் நாத்திகர். இல்லை என்றவர் பக்தர்.

வெளியே மழை. கடை வாசல் நடைபாதையான அஞ்சடியின் ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில், அந்தத் தையல் பலகையின் மேல், என் கல்யாணம் கிடந்தது.

இந்தக் கதையை உங்கள் அம்மா வாயால் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவள் சொல்வது சுருக்கமாக இருக்கும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எனக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரு கடை, இரண்டு கட்சி

அப்போது நான் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்தேன். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்ததெல்லாம் அண்ணன்தான். டன்லப் ஸ்திரீட்டில், நமசிவாயத்தின் மளிகைக் கடை வாசலில், அஞ்சடியில் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கற்பூரம், ஊதுபத்தி, விபூதி, பஞ்சாங்கம். வாசலில் பகுத்தறிவு. கடைக்கு வருகிறவர்கள் அண்ணனின் பேச்சைக் கேட்காமல் ஒரு கட்டிச் சாம்பிராணி வாங்க முடியாது.

அண்ணனின் பிறந்த பெயர் ஆறுமுகம். பகுத்தறிவுச் சங்கத்தில் சேர்ந்ததும் அறிவரசன் என்று மாற்றிக்கொண்டார். நமசிவாயம் மட்டும் விடாமல், “ஆறுமுகம், கத்திரிக்கோலைக் கொஞ்சம் கொடேன்,” என்பார். அண்ணன் காது கேட்காதவர் போலத் தைத்துக்கொண்டிருப்பார். “ஆறுமுகம்” என்று இன்னும் இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, “அப்படி யாரும் இங்க இல்ல தவுக்கே,” என்று சொல்லிக்கொண்டே கத்திரிக்கோலை நீட்டுவார். தவுக்கே என்றால் முதலாளி.

சாயங்காலம் விளக்கேற்றி நமசிவாயம் சாம்பிராணி போடுவார். புகை நேராக வாசலுக்குத்தான் வரும். “மனுசன் மூச்சு விட வேண்டாமா?” என்று அண்ணன் இருமுவார். ஒருநாள் நமசிவாயத்துக்குக் காய்ச்சல். கடையில் புகை இல்லை. அண்ணன் கால்களை மாறி மாறித் தட்டிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன தவுக்கே, இன்னைக்குச் சாமிக்குப் புகை இல்லையா?”

“ஏன், உனக்கு என்ன வந்துச்சு?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. கொசுவுக்குத்தான் பக்தி விட்டுப்போச்சு.”

கோயில் திரை

இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். ஒருமுறை கோயில்காரர்கள் சிவப்பு வெல்வெட் துணியோடு வந்தார்கள். கருவறைக்குத் திரை தைக்க வேண்டுமாம். அண்ணன் தைக்க மாட்டார் என்று நமசிவாயம் கடைக்குள்ளிருந்தே சிரித்தார்.

அண்ணன் துணியைத் தடவிப் பார்த்தார். “சாமியை மூடுற வேலைதானே? அதை நான் சந்தோசமாச் செய்வேன். திறக்கிற வேலையை நீங்க பார்த்துக்குங்க.”

தைத்து முடித்தவர், கரையில் நூலிழை அளவு வளைவு இருக்கிறது என்று பிரித்தார். மறுபடி தைத்து மறுபடி பிரித்தார். “உனக்குத்தான் சாமியே இல்லையே, கோணலா இருந்தா என்ன?” என்றார் நமசிவாயம்.

“கோணலா இருந்தா சாமி பேரு கெடாது. என் பேருதான் கெடும்,” என்றார் அண்ணன்.

இப்படித்தான் வருடக்கணக்கில் ஓடியது. அந்த வாய்ச்சண்டையில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று நான் போய் நிற்பேன். இருவரும் வானத்தைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருக்கும் நமசிவாயத்தின் மகள் கமலா என்னைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். மிளகாய் நெடிக்கு இருவரும் தும்முவோம். உங்கள் அம்மாவும் நானும் முதலில் பேசிக்கொண்டது தும்மலில்தான்.

அஞ்சு மணி

விஷயம் வெளியே வந்தபோது, நான் பயந்தது போல யாரும் கோபப்படவில்லை. நமசிவாயத்துக்கு என்னைப் பிடிக்கும். அண்ணனுக்குக் கமலாவைப் பிடிக்கும். எல்லாம் ஒரே நாளில் பேசி முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“ஐயர் கிடையாது,” என்றார் அண்ணன்.

“சரி, தாலி உண்டு,” என்றார் நமசிவாயம்.

“சரி, மேளம் உண்டு. அது தமிழிசை.”

“ரொம்ப சந்தோசம்.”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அஞ்சு மணிக்கு. எங்க சங்க மண்டபம்.”

நமசிவாயம் எழுந்துவிட்டார். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது பஞ்சாங்கம் விற்கிறவருக்குத் தெரியாதா? பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் ராகுவுக்கு உரியது என்பார்கள். அந்த நேரத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். அண்ணன் தெரிந்தேதான் அந்த நேரத்தைச் சொன்னார். மேடை போட்டுப் பேசியதை வீட்டில் செய்துகாட்ட அவருக்கு இருந்தது ஒரே தம்பி.

“ராகு காலத்துல என் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது,” என்றார் நமசிவாயம்.

“ராகு காலம்தான் வேணும். இல்லேன்னா என் சங்கத்து ஆளுங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?”

“அப்படின்னா நான் இவளைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுறேன். அங்க என் மச்சான் மகன் இருக்கான்.”

ஒரே மகள். கப்பலில் ஏற்றிவிட அவருக்கும் மனமில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. அடுத்த கப்பலுக்கு அதிக நாளில்லை. அன்றைக்கு பஸ்ஸில் நான் ஏறின ஆளிடமே திரும்பத் திரும்ப டிக்கெட் கேட்டேன்.

கமலாவின் கணக்கு

இரண்டு நாள் கழித்து, கமலா மிளகாயை நிறுத்துக்கொண்டே அப்பாவிடம் சாதாரணமாகக் கேட்டாளாம்.

“அப்பா, இந்தப் பஞ்சாங்கம் எங்க அச்சடிச்சது?”

“மதராஸ்ல.”

“அப்ப அதுல போட்டிருக்கிற மணி மதராஸ் மணிதானே? நம்ம கடிகாரம் ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடுதுல்ல? இங்க அஞ்சுன்னா, அங்க மூணு.”

நமசிவாயம் பஞ்சாங்கத்தை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். அப்போது சிங்கப்பூர்க் கடிகாரம் இன்றையதைவிட அரை மணி பின்னால் ஓடியது. மதராஸில் நாலரை என்றால் இங்கே ஆறரை. இங்கே ஆறரை மணிக்குத்தான் ராகு காலமே தொடங்குகிறது. ஐந்து மணிக்கு ராகு வரவே இல்லை.

கப்பலும் வேண்டாம், மச்சான் மகனும் வேண்டாம். மனிதர் வாசலுக்கு ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “அறிவரசன், அஞ்சு மணிக்கே வச்சுக்கலாம்.”

அவர் அறிவரசன் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “எப்படி திடீர்னு ஒத்துக்கிட்டீங்க?”

நமசிவாயம் வெள்ளை மனதோடு விளக்கினார். அண்ணனின் முகம், சட்டைப் பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டது தெரிந்தவர் முகம் போல ஆயிற்று.

“அப்ப ராகு காலம் இல்லாத நேரத்துலயா என் தம்பிக்குக் கல்யாணம்? எதிர்ப்பு எங்கய்யா இருக்கு அதுல? முடியாது லா.”

துணிக்குள் பஞ்சாங்கம்

அடுத்த வாரம் அண்ணன் செய்த காரியத்தைச் சங்கத்து ஆட்கள் பார்த்திருந்தால் பெயரை வெட்டியிருப்பார்கள். சிராங்கூன் ரோட்டில் வேறொரு கடைக்குப் போய், பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு பஞ்சாங்கம் வாங்கிவந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மடித்துவைத்த சட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்துப் படித்தார். சங்கத்து நண்பர் யாராவது வந்தால், அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அந்த வாரம் அவர் வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தார்.

அண்ணன் எதையும் அரைகுறையாகப் படிக்கமாட்டார். “இன்னைக்கு ஏண்ணே துணியே வரல?” என்று நான் கேட்டால், “அஷ்டமில்ல” என்று வாய் வந்துவிடும். பிறகு நூலைக் கடிப்பது போலத் திரும்பிக்கொள்வார்.

ஒரு மழை நாளில் கண்டுபிடித்துவிட்டார். நான் ஆரம்பத்தில் சொன்ன சண்டை அன்றைக்குத்தான் நடந்தது.

“தவுக்கே, இங்க வாங்க. ராகு காலத்தை சூரியன் உதிக்கிறதுலேருந்துதான் கணக்குப் பண்ணணும், உள்ளூர்ச் சூரியன். உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு. ஆறு மணிக்கு உதிக்கிற ஊருக்குத்தான் நாலரை. இங்க உதிக்கிறது ஆறரைக்கு. அரை மணி தள்ளுங்க. அஞ்சுலேருந்து ஆறரை வரைக்கும் அசல் சிங்கப்பூர் ராகு காலம். அஞ்சுன்னா விளிம்பு, அஞ்சரைக்கு வச்சா நல்லா உள்ள வந்துடும்.”

“மதராஸ் புத்தகத்துல மதராஸ் நேரம்தான்.”

“ராகு என்ன மதராஸ்ல வேலை பார்க்கிறானா? உலகம் பூராவும் உண்டுய்யா ராகு காலம்.”

“கடல் தாண்டி இங்க எதுக்கு வருது? அதெல்லாம் உன் மூடநம்பிக்கை,” என்றார் நமசிவாயம்.

எதிர்க் கோப்பிக்கடைக்காரர் ஆ கெங், தட்டில் இரண்டு கோப்பியோடு மழையில் குறுக்கே ஓடிவந்தார். “அப்பா பசால்?” என்று மலாயில் கேட்டார், என்ன விஷயம் என்று. நான் முடிந்தவரை விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறொரு நாள் காலையில் வைத்துக்கொள்ளலாமே என்றார்.

“நீ சும்மா இரு,” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. இனி யார் யாரைச் சமாதானம் செய்வது? கமலா கையில் ஒட்டிய மிளகாய்த் தூளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள்.

“மாமா, ராகு காலம்னு ஒண்ணு நெசமாவே இருக்கா?”

அண்ணன் நிமிர்ந்தார். சங்கத்து ஆள் ஆயிற்றே. “இல்லம்மா. அதெல்லாம் கட்டுக்கதை.”

“அப்பா, ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்கு இங்க ராகு காலம் இருக்கா?”

“இல்லவே இல்லை.”

“ரெண்டு பேரும் இல்லைன்னுதானே சொல்றீங்க? அப்புறம் எதுக்குச் சண்டை?”

ஆ கெங் ஒன்றும் புரியாமலேயே தலையாட்டினார். இருவரும் கோப்பியை எடுத்துக் குடித்தார்கள். ஞாயிறு சாயங்காலம் அஞ்சரை என்று முடிவாயிற்று.

அப்போது கடையின் உள்திரைக்குப் பின்னாலிருந்து சொர்ணம் அத்தையின் குரல் வந்தது. நமசிவாயத்தின் மனைவி. அதிகம் பேசமாட்டார்.

“அஞ்சரைன்னா மதராஸ்ல மூணரை. ஞாயித்துக்கிழமை மூணுலேருந்து நாலரை வரைக்கும் குளிகை. குளிகையில செஞ்ச காரியம் திரும்ப ஒருக்கா நடக்கும். ரெண்டாம் கல்யாணம் உண்டு, பார்த்துக்குங்க.”

“நீ உள்ள போ,” என்றார் நமசிவாயம் அவசரமாக. அத்தை உள்ளே போகவில்லை. திரையை விலக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறொருத்தியைக் கட்டமாட்டேன் என்று அங்கேயே, உப்பு மூட்டையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். எதன் மேல் சத்தியம் செய்வது என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் பொதுவாக வேறு எதுவும் தோன்றவில்லை.

நேரம் பார்ப்பவன் மனிதனா?

மண்டபம் நிறையக் கூட்டம். அண்ணன் பக்கத்தார் ஒரு பக்கம், நமசிவாயம் பக்கத்தார் ஒரு பக்கம். நடுவில் மல்லிகை வாசனையும் மேளக்காரர்கள் பூசியிருந்த சந்தன வாசனையும். சுவரில் பெரிய கடிகாரம்.

ஜொகூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் சில வார்த்தைகள் பேசுவதாக ஏற்பாடு. மைக்கைப் பிடித்தவர், உலகம் தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார்.

அஞ்சரை ஆயிற்று. ஆறாயிற்று. அவர் அப்போதுதான் மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த இடத்துக்கு வந்திருந்தார்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை மணியோடு அவருடைய ராகு காலம் முடிந்துவிடும். அதற்குள் தாலி ஏறாவிட்டால், அத்தனை வாதமும் வீண்.

நமசிவாயமும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை மணிக்கு அவருடைய ராகு காலம் ஆரம்பித்துவிடும். அதற்குள் தாலி ஏறாவிட்டால், அன்றைக்குக் கல்யாணமே கிடையாது.

“நல்ல நேரம், கெட்ட நேரம் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் மனிதனா?” என்று பேச்சாளர் மேசையைக் குத்தினார். முன்வரிசையில் இருவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அண்ணன் மேடைக்குப் போய் ஒரு மாலையைப் போட்டார், முடித்துக்கொள்ளட்டும் என்று. பேச்சாளர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, குரலை இன்னும் உயர்த்தினார். நமசிவாயம் தன் பங்குக்கு இன்னொரு மாலையைக் கொண்டுபோனார். ஓர் ஆன்மீகவாதியே மாலை போட்டுவிட்டாரே என்று பேச்சாளர் நெகிழ்ந்து, மறுபடியும் நெருப்புக்குத் திரும்பினார்.

கடிகார முள் ஆறரையை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையில் தாலி வியர்வையில் நழுவியது. கமலா குனிந்த தலையோடு, “யாராச்சும் ஏதாச்சும் செய்யுங்களேன்,” என்று முணுமுணுத்தாள்.

அண்ணனும் நமசிவாயமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் மைக் பக்கம் போனார். செருகியிருந்த ஒயரில் அவர் கால் இடறியது. இடறியதா, இடறவைத்தாரா என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. மைக் அடங்கிற்று. பேச்சாளருக்கு இயற்கையாகவே பெரிய குரல். அவர் நிறுத்தவில்லை.

அப்போதுதான் என் அண்ணன், சடங்குகளை ஒழிக்கப் புறப்பட்டவர், மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை ஆட்டி, மண்டபம் அதிரக் கத்தினார்: “கெட்டிமேளம், கெட்டிமேளம்.”

“கெட்டிமேளம்,” என்று நமசிவாயமும் சேர்ந்துகொண்டார்.

தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. பேச்சாளரின் வாய் மட்டும் அசைந்தது. நான் தாலியைக் கட்டினேன். அட்சதை விழுந்தது. அண்ணன் பக்கத்தார் பூ மட்டும் போட வேண்டும் என்று பேச்சு. அவசரத்தில் எல்லோரும் கையில் கிடைத்ததைப் போட்டார்கள். தலை நிமிர்ந்து பார்த்தேன். ஆறரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது.

“ராகு காலத்துலயே முடிச்சாச்சு,” என்றார் அண்ணன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

“ராகு காலத்துக்கு முன்னாடியே முடிச்சாச்சு,” என்றார் நமசிவாயம்.

இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

குளிகை

இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் சொர்ணம் அத்தை சொன்னதைப் பாதியில் விட்டால், அத்தைக்கு நான் நியாயம் செய்தவனாகமாட்டேன்.

சில வருடம் போயிற்று. உங்களில் மூத்தவள் பிறந்தாயிற்று. புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குப் பதிந்தோம். கல்யாணப் பத்திரம் எங்கே என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒரு போட்டோ, அதில் பேச்சாளர்தான் பெரிதாக இருந்தார். பதிவு அலுவலகத்துக்குப் போய் முறைப்படி பதிந்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அதாவது, கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். மறுபடியும்.

வீட்டில் வந்து சொன்னபோது, அத்தை பேத்தியை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கீரையை ஆய்ந்தபடியே இருந்தார்.

“அது சட்டம்மா,” என்றார் அண்ணன். “குளிகையெல்லாம் இல்ல.”

“நான் ஏதாச்சும் சொன்னேனா?” என்றார் அத்தை.

சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். வேறு யாரைக் கூப்பிடுவது? எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறோம் என்று அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மாமனார் இடுப்பிலிருந்து பஞ்சாங்கத்தை உருவினார். அண்ணன் கொஞ்சம் தயங்கிவிட்டு, தைக்க வைத்திருந்த துணிகளுக்கு அடியில் கையை விட்டார். அவருடையது அந்த வருடத்துப் புதுப் பதிப்பு, மாமனாருடையதைவிட ஓரம் அதிகம் மடங்கியிருந்தது.

“வியாழக்கிழமை ஒண்ணரை,” என்றார் அண்ணன். “அசல் ராகு காலம்.”

“அது மதராஸ்ல பதினொண்ணரை. சுத்தமான நேரம். எனக்குச் சம்மதம்,” என்றார் மாமனார்.

“உள்ளூர்ச் சூரியனை வச்சுப் பார்த்தா ரெண்டு மணி ஆயிடுதே. அப்ப ரெண்டேகாலுக்குப் போகலாம்.”

“ரெண்டேகால்னா அங்க பன்னெண்டேகால். அதுவும் பரவாயில்ல. எதுக்கும் குளிகையைப் பாரு.”

இருவர் தலையும் ஒரே பக்கத்தின் மேல் கவிழ்ந்தது. அத்தை கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார்.

“ஆமா, அதை ரெண்டு பேரும் சேர்ந்து நல்லாப் பாருங்க,” என்றார். “மூணாவது கல்யாணத்துக்குச் சமைக்க எனக்குத் தெம்பு இல்ல.”